பதினோரு கியரும் ஒரு மீசையும்

மர மில்லில் ரம்பங்களுக்குக் கூர் போடுகிறவரை எல்லோரும் மீசைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மில் வாசலில் முதலில் மீசை நுழையும், பின்னாலேயே அவர் வருவார். மற்றவர்கள் மரத்தூளுக்குப் பயந்து மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். அவர் மட்டும் வெறும் முகத்தோடு உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். தூள் அவ்வளவும் மீசையோடு நின்றுவிடும். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று அவர் மீசையை வாருவார். விழுகிற தூளைக் கூட்டி அவர் மனைவி இரண்டு தலையணையும் ஒரு சின்ன மெத்தையும் தைத்திருந்தார். நம்பாதவர்கள் போய்ப் படுத்துப் பார்க்கலாம். புது மர வாசனை வரும்.

இந்த மீசைக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். மனைவியின் அண்ணன். அவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரு முறையாவது அவர் கைக்குள் வந்து போயிருந்தன. தங்கை வீட்டுக்காரரின் மேலுதடு மட்டும் அகப்படவில்லை. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"மாப்ளே, ஒரே ஒரு தடவை. ரெண்டு நிமிஷ வேலை. மறுபடியும் வளந்துடப்போகுது."

"வளரும் மச்சான். ஆனா அது வேற மீசை."

இருவருக்கும் பந்தய சைக்கிள் பைத்தியம். குச்சி போன்ற டயர், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்தடியில் கிளம்பி தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறுவார்கள். சலூன்காரர் சொகுசாக முதலில் போய்ச் சேருவார். மீசைக்காரர் சேருகிறபோது அவர் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, கொஞ்சம் தூங்கியும் எழுந்திருப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டின் உச்சியில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில்தான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டது.

"மீசை காத்தைப் பிடிக்குது மாப்ளே" என்றார் சலூன்காரர். "பாய் விரிச்ச படகு பின்னாடி போற மாதிரி போறே. எடுத்துட்டேன்னு வை, நீயே உன்னை முந்திடுவே."

"குறை மீசையில இல்ல, கியர்ல. உன் பின்சக்கரத்துல பத்து இருக்கு, என்கிட்ட எட்டு. ரெண்டு கியரைக் கழிச்சுட்டுப் பாரு, நாம சமம்."

"அப்ப பதினொண்ணு போட்டுக்கோ. அதுக்கப்புறமும் தோத்தா?"

"தோத்தா மீசை உனக்கு."

சொன்னது வாய்தான். மீசை அதைக் கேட்டு லேசாக நடுங்கியது என்பதை மீசைக்காரர் மட்டுமே உணர்ந்தார். ஆனாலும் குரல் பிசகவில்லை. "நீ தோத்தா மொட்டை."

சலூன்காரரின் கை தானாகத் தலைக்குப் போனது. சுருள் சுருளாகத் தோள்வரை விழும் முடி அது. கடைக்குத் தனியாக விளம்பரப் பலகை வைக்காமல் அந்தத் தலையை வாசலில் நிறுத்தித்தான் அவர் வாடிக்கையாளர் பிடித்தார். பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற பேருந்தின் படியிலிருந்து விசில் சத்தம் கேட்டது. மீசைக்காரரின் மனைவி அந்தப் பேருந்தின் கண்டக்டர்.

"ரெண்டு பேர் வாயிலருந்தும் வந்தாச்சு" என்றார் அவர். "நான் சாட்சி, நானே நடுவர். கியர் மாட்ட டைம் வேணும், அதனால வர்ற ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்தது. பாலத்தடியில கிளம்பி இந்தக் கம்பம் வரைக்கும். நடுவுல கால் தரையில பட்டா அவுட்டு. போலாம், ரைட்!"

பேருந்து கிளம்பியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கினார்கள்.

வீட்டில் தட்டைக் கழுவிக்கொண்டே மனைவி கேட்டார். "ஏங்க, கல்யாணத்தன்னிக்கே இந்த மீசையோடதான வந்தீங்க. உங்க மேலுதட்டை நான் பார்த்ததே இல்லையே. எப்படி இருக்கும்?"

"இருக்கும். இருந்த இடத்தை விட்டு எங்க போகப்போகுது."

"எனக்கும் ஒரு தடவை பாக்கணும்னு ஆசைதான்."

"நடுவர் இப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு மீசைக்காரர் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டார். கண்ணாடி முன் நின்று ஒரு விரலால் மீசையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே வெயிலே காணாத வெளுத்த உதடு ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் குடிவந்த ஆள் மாதிரி அவரைப் பார்த்தது. அவர் அவசரமாகத் திரையை இறக்கிவிட்டார். இதோடு வாழ முடியாது. கியர் போட்டே ஆகவேண்டும்.

சைக்கிள் கடைக்காரம்மா வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வைத்து உதட்டைப் பிதுக்கினார். "எட்டு இருக்கிற இடத்துல பதினொண்ணு உக்காராதுங்க. நடு உருளை அகலமா இருக்கணும், அதனால பின்சக்கரம் புதுசு. பல்சக்கரமெல்லாம் நெருக்கமா வரும், அதுக்கு மெல்லிசான செயின். ஹேண்டில்ல கிளிக் பண்ற லிவர் பதினொரு படி உள்ளதா வேணும். பின்னாடி செயினை இங்கயும் அங்கயும் தள்ளுற கையும் அதே செட்டா இருக்கணும். மாத்திப் போட்டா ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாது."

"அப்ப பழசுல என்னதாம்மா மிஞ்சும்?"

"சீட்டு இருக்கும். அப்புறம் நீங்க."

"போதும், மத்ததெல்லாம் குடுங்க."

"நானே மாட்டித் தரட்டுமா?"

மீசைக்காரர் சிரித்தார். மீசை இருந்ததால் அது வெளியே தெரியவில்லை. "பனைமரம் உசர ரம்பத்துக்கெல்லாம் பல்லு சீர் பண்ற கைம்மா இது. ஒரு சைக்கிளுக்கு நட்டு முடுக்காதா?"

"சரி, எடுத்துட்டுப் போங்க. ஆனா எப்படி இருக்கோ அப்படியே மாட்டிடுங்க" என்றார் கடைக்காரம்மா. எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வந்தவர் முகத்தில் இருந்த நம்பிக்கை அவரைக் கொஞ்சம் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

மில்லில் மீசைக்காரரின் அறை மேற்குப் பக்கம், பெரிய ஜன்னலுக்குக் கீழே. சுவர் முழுக்க ரம்பங்கள், ஆணியில் வரிசையாகத் தொங்கும் அரங்கள், நடுவில் ஒரு பிடிகருவி. சாப்பாட்டு நேரத்தில் அவர் பதினோரு பல்சக்கரங்களையும் பிரித்து மேசையில் பரப்பினார். சின்னது உள்ளங்கை அகலம்கூட இல்லை, பெரியது சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் இளைத்தது. பெரியதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

ஒரு பல் நெட்டையாக இருந்தது, அடுத்தது குட்டை. ஒன்றின் தோள்பட்டையை யாரோ சீவிவிட்டிருந்தார்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று எட்டிப் பார்ப்பது போலத் திருகி நின்றது. அடுத்த சக்கரத்தைப் பார்த்தார். அதிலும் இதே கூத்து. பதினொன்றிலும் பாதிக்கு மேல் இப்படித்தான்.

"இங்க வாய்யா" என்று மரம் தள்ளுகிறவரைக் கூப்பிட்டார். "இந்த அநியாயத்தைப் பாரு. புது சாமானாம்!"

மரம் தள்ளுகிறவர் குனிந்து பார்த்தார். "ஆமாண்ணே, கோணலும் மாணலுமா இருக்கு. கடையில திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்தா அந்தம்மா மனசு கஷ்டப்படும். பாவம், நல்ல மனுஷி. எவனோ அரைகுறை வேலைக்காரன் தலையில கட்டிட்டான். ஆனா வந்து சேர்ந்த இடம் பாரு! வேற யார்கிட்டயாவது போயிருந்தா இது கதி என்ன?"

அன்று தொடங்கி ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் அவர் சாப்பிடவில்லை. ஒவ்வொரு சக்கரமாகப் பிடிகருவியில் இறுக்கினார். திருகிய பல்லை நிமிர்த்தினார். நெட்டைப் பற்களையெல்லாம் குட்டைப் பல்லின் மட்டத்துக்கு ராவினார். பக்கவாட்டில் இருந்த மேடுபள்ளங்களை வழித்து மெழுகினார். முடித்தபோது பதினோரு சக்கரமும் சிப்பாய்கள் வரிசை கட்டி நின்ற மாதிரி இருந்தன. மில் முதலாளி வந்து பார்த்துவிட்டு, இதை வெளியே எடுத்துப்போக மனசு வருதா என்று கேட்டார்.

பிறகு சக்கரம், செயின், லிவர், தள்ளுகிற கை எல்லாவற்றையும் மாட்டினார். சொல்லக்கூடாது, மாட்டியதில் ஒரு குறையும் கிடையாது. வண்டியைக் கொக்கியில் தொங்கவிட்டு, செயினைக் கையால் எடுத்துப் பெரிய சக்கரத்தில் போட்டு, பெடலைச் சுற்றிக்கொண்டே லிவரைத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் செயின் ஒரு படி இறங்கியது. கடைசிச் சின்னச் சக்கரம்வரை எண்ணெய் வழிகிற மாதிரி இறங்கியது. சத்தம் என்ற பேச்சே இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மில் பூனை விழித்துப் பார்த்தது. தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்து, சோதித்துப் பார்க்க ஒரு முறை கத்தியது.

செயினை மறுபடி மேலே ஏற்றிப் பார்க்கவில்லையா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். இறங்கின படிதானே, ஏறுவதற்கு என்ன கேடு என்று அவர் நினைத்தார். மில் சங்கும் ஊதிவிட்டது.

குறித்த ஞாயிறு வந்தது. பந்தயச் செய்தி பேருந்திலேயே பரவியிருந்ததால் பாலத்தடியில் நல்ல கூட்டம். வழக்கமாக அந்த நேரத்தில் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் போகும் பேருந்தில் அன்று ஒற்றைக்காலில் நிற்கத்தான் இடம் இருந்தது. நடுவில் இறங்க வேண்டியவர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். சலூன்காரரின் முடிமேல் தலைக்கவசம் உட்கார மாட்டேன் என்றது. அலைமேல் படகு மாதிரி அது மிதந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்ளே, வாழைப்பழம் வைக்கிற முதுகுப் பாக்கெட்ல அரத்தைச் சொருகியிருக்க?"

"பசிச்சா சாப்பிட. உன் பாக்கெட்ல என்ன?"

"சீப்பு. உன் மீசைக்குக் கடைசியா ஒரு வாரு வாரி அனுப்பலாம்னு."

மனைவி படியில் நின்று விசில் ஊதினார். சைக்கிள்கள் கிளம்பின. பேருந்து அவற்றைத் தாண்டிக்கொண்டு மேட்டுக்குப் போனது.

முதலில் கொஞ்ச தூரம் கடைத்தெரு. சமதளம். ஷட்டர் இறக்கிய கடைகளும், இஸ்திரிக் கடையும், ஒரு சோம்பேறி நாயும். மீசைக்காரர் சின்னச் சக்கரத்தில் செயினை வைத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டு போனார். சத்தமே இல்லாததால் நாய்க்கு அவர் போனது தெரியவில்லை. பின்னால் வந்த சலூன்காரரைப் பார்த்துத்தான் குரைத்தது. இந்த வேகத்தில் போனால் மொட்டைக்கு இன்றைக்கே ஏற்பாடு செய்துவிடலாம் என்று மீசைக்காரர் நினைத்தார்.

தெரு முடிந்து மேடு தொடங்கியது. அவர் லிவரைத் தட்டினார், செயின் பெரிய சக்கரத்துக்கு ஏற வேண்டும். ஏறவில்லை. இன்னொரு தட்டு. பின்னால் 'கறகற' என்று சத்தம் வந்தது, செயின் அசையவில்லை. தட்டித் தட்டி லிவரில் தட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. செயினோ ஒட்டுப்புல் மாதிரி சின்னச் சக்கரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

சலூன்காரர் பக்கத்தில் வந்தார். "என்ன மாப்ளே, காப்பிக்கொட்டை அரைக்கிறியா?"

"பாட்டு போட்டிருக்கேன் மச்சான். கேட்டுக்கிட்டே போ."

"மேல காத்துக்கிட்டு இருக்கேன். கத்தியைத் தீட்டித்தான் வெச்சிருக்கேன்!" சலூன்காரர் வளைவைத் தாண்டி மறைந்தார்.

மீசைக்காரர் பெடல்மேல் ஏறி நின்றார். பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரு மாடிவீட்டுப் பெண் தொட்டிச் செடிகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தாள். எந்த நத்தையும் அவரை முந்தவில்லை. அந்தத் தெருவில் நத்தை கிடையாது.

"யாரையாவது தேடறீங்களா?" என்று அந்தப் பெண் மேலிருந்து கேட்டாள்.

"இல்லம்மா. பந்தயத்துல இருக்கேன்."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மீசையில் தங்கியது. அடுத்த சுற்றை மிதித்துக்கொண்டே அவர் யோசித்தார். நேரான பல் உள்ள ரம்பம் மரத்துக்குள் போனால் என்ன ஆகும்? இறுகி நின்றுவிடும். அதற்காகத்தானே ரம்பத்தில் ஒரு பல்லை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமுமாகச் சாய்த்து வைப்பது? வாழ்நாள் முழுக்க அவர் கையே செய்கிற வேலை அது. அப்படியானால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்த அந்தப் பல் சும்மா எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த சக்கரத்திலிருந்து வருகிற செயினுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட நின்றிருக்கிறது. குட்டைப் பல் செயினுக்கு வழி விட்டிருக்கிறது. கைகொடுக்கிறவனை நிமிர்த்தி நிற்கவைத்து, வாசலையும் அடைத்தாகிவிட்டது.

இதற்காக அவர் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. வேலை அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார்.

இனி என்ன செய்வது? இறங்கி செயினைக் கையால் தூக்கிப் போட்டால் ஒரு நொடி வேலை. கால் தரையில் பட்டால் மீசை போச்சு. ஓட்டிக்கொண்டே விரலால் தள்ளலாம் என்றால், மர மில்லில் இத்தனை காலம் பத்து விரலோடு இருக்கிற ஒரே ஆள் அவர். அந்தப் பெருமையை ஒரு சைக்கிளிடம் இழக்க முடியாது. அப்போதுதான் முதுகில் அரம் குத்தியது.

இடது கையால் ஹேண்டிலைப் பிடித்தபடி வலது கையால் அரத்தை உருவினார். முழங்கை நீள அரம். பின்பக்கம் சாய்ந்து, சுற்றிக்கொண்டிருந்த செயினை அரத்தின் வாலால் உள்பக்கமாக நெம்பினார். 'டமார்' என்றது. 'கிறீச்' என்றது. பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த மாதிரி தெருவெல்லாம் அதிர்ந்தது. செயின் ஒரு படி ஏறியது. லிவரைத் தட்டியதில் செயினைத் தள்ளுகிற இரும்புக் கை முன்பே கடைசிப் படிக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்ததால், ஏறிய செயின் இறங்கவில்லை. மறுபடி நெம்பினார். இன்னொரு 'டமார்'. இப்படியே சத்தம்மேல் சத்தமாகப் பெரிய சக்கரம்வரை ஏற்றிவிட்டார். மாடிவீட்டுப் பெண் வெளியே ஓடிவந்து, பந்தயம் முடிந்ததா என்று கேட்டாள்.

"இப்பத்தாம்மா ஆரம்பம்" என்று சொல்லி அரத்தைச் சொருகிக்கொண்டார்.

பெரிய சக்கரத்தில் கால் பஞ்சு மாதிரி சுழன்றது. சத்தம் அறவே நின்றது.

வளைவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த சலூன்காரர் இதையெல்லாம் காதால்தான் கேட்டார். முதலில் கறகற, பிறகு வரிசையாக இடிச்சத்தம், பிறகு மயான அமைதி. இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவே இல்லை. வண்டி துண்டு துண்டாகிவிட்டது, மாப்பிள்ளை ஒரு கையில் ஹேண்டிலும் ஒரு கையில் சக்கரமுமாக நின்றுகொண்டிருக்கிறார். அவ்வளவுதான்! எதற்கும் இருக்கட்டும் என்று காதைத் தீட்டிக் கேட்டார். பெடல் சத்தம், செயின் சத்தம், ஒன்றும் இல்லை.

உச்சி தெரிந்தது. பேருந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். இவ்வளவு பேர் பார்க்கிறபோது கலைந்த தலையோடு போய் இறங்குவது தொழிலுக்கு நல்லதல்ல என்று அவருக்குத் தோன்றியது. வேகத்தைக் குறைத்தார். தலைக்கவசத்தைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விட்டு, சீப்பை எடுத்து நிதானமாக வார ஆரம்பித்தார். பேருந்திலிருந்து எல்லோரும் கையை ஆட்டி என்னவோ கத்தினார்கள். தனக்குத்தான் வாழ்த்து என்று நினைத்து அவர் சீப்பை உயர்த்தி ஆட்டினார்.

"மச்சான்" என்று காதோரம் ஒரு குரல். "வகிடு கோணலா இருக்கு."

சலூன்காரர் திரும்பியபோது தோளுக்குப் பக்கத்தில் ஒரு மீசை போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், காற்றில் லேசாக அசைந்தபடி. அவர் ஹேண்டிலைப் பாய்ந்து பிடித்தார். பிடித்தது தலைக்கவசத்தை. வண்டி இப்படியும் அப்படியும் வளைந்தது, வலது கால் 'தொப்' என்று தார்மேல் ஊன்றியது. பேருந்துப் படியிலிருந்து விசில் வந்தது. மீசைக்காரர் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

"அழுகுணி ஆட்டம்!" என்று சலூன்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தார். "அரத்தால செயினைத் தள்ளியிருக்கான்! பாரு, அரத்துல எண்ணெய்! இதெல்லாம் ஒரு கியரா தங்கச்சி?"

"அண்ணே, கால் படக்கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றார் நடுவர். "அரம் படக்கூடாதுன்னு சொல்லலையே. பட்டது யார் காலு?"

பேருந்தே ஒரே குரலில் பதில் சொன்னது.

சலூன்காரரால் தன் தலையைத் தானே மழித்துக்கொள்ள முடியாது. "நான் எடுத்துவிடறேன் மச்சான், ஒரே மட்டமா" என்று மீசைக்காரர் முன்வந்தபோது, சலூன்காரர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். மிச்சமிருந்தது ஒரே வழி. கடைத்தெருவில் அவர் கடைக்கு நேர் எதிரே இன்னொரு சலூன். இரண்டு கடைக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் வாசல் கூட்டினால் இன்னொருவர் கதவைச் சாத்துவார்.

சலூன்காரர் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது எதிர்க்கடைக்காரர் கையில் இருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சிரிக்காமல், நாற்காலியைத் தட்டிக் காட்டினார். சலூன்காரர் உட்கார்ந்தார். அது அவரை உள்ளங்கையில் ஏந்தியது மாதிரி ஏந்திக்கொண்டது. கழுத்துக்கு மெத்தை, காலுக்குப் பலகை. தன் கடையில் இத்தனை வருஷம் நின்றே பழகிய மனிதர், முதல் கத்தி படுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார்.

விழித்தபோது வேலை முடிந்திருந்தது. கண்ணாடியில் பளபளவென்று யாரோ ஒருவர். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்றார், சொல்ல மனமில்லாமல். "நாற்காலி எங்க வாங்கின?"

"சொல்றேன், சொல்றேன்" என்று எதிர்க்கடைக்காரர் துண்டை உதறினார். பிறகு பின்னால் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மீசைக்காரரைப் பார்த்தார். அந்த மீசையைப் பார்த்ததும் அவர் கண்ணும் விரிந்தது, கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போனது. "உங்களுக்குங்க? ஓரத்துல மட்டும் லேசா..."

மொட்டைத்தலை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தது. கழுத்தில் கட்டிய துணியோடு பாய்ந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

"கையை எடு! அதுல கை வெச்சே, நடக்கிறதே வேற. அது என்னோடது." மூச்சு வாங்கியது அவருக்கு. "மாப்ளே, எனக்குப் பன்னெண்டு கியர் போடணும். அந்தக் கடைக்காரம்மா ஞாயித்துக்கிழமை திறந்திருப்பாங்களா?"

"திறந்திருப்பாங்க மச்சான்" என்று மீசைக்காரர் மீசையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். "வா, நானே கூட்டிட்டுப் போறேன். நானே மாட்டியும் தரேன்."